‘என் லேப்டாப்பில் ஓடுதே, சர்வரில் ஏன் ஓடல?’ புரோகிராம் தொடங்கும் முன் நடக்கும் வெர்ஷன் சோதனை: ஒரு விளக்கம்

2024 பிப்ரவரியில் விஎஸ் கோட் எடிட்டரின் 1.86 அப்டேட்டைப் போட்ட பலருக்கு, அதுவரை தினமும் பயன்படுத்திவந்த சர்வருடன் இணைப்பு கிடைக்காமல் போனது. சர்வரில் யாரும் எதையும் மாற்றவில்லை. நெட்வொர்க் சரி, பாஸ்வேர்டும் சரி. உபுண்டு 18.04, சென்டோஸ் 7 போன்ற பழைய லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்த சர்வர்களில்தான் சிக்கல்.

விஎஸ் கோட், தொலைவில் உள்ள சர்வரில் தன் பகுதி ஒன்றைத் தானாகவே நிறுவிக்கொள்ளும். அந்தப் பகுதி, ‘ஜிலிப்சி’ எனப்படும் அடிப்படை லைப்ரரியின் 2.28 அல்லது அதற்குப் பிந்தைய வெர்ஷன் இருந்தால்தான் ஓடுவேன் என்றது. உபுண்டு 18.04-இல் இருப்பது 2.27. ஒரே ஒரு படி குறைவு! எதிர்ப்பு கிளம்பியதும் மைக்ரோசாஃப்ட் 1.86.1 வெளியிட்டு, பழைய லினக்ஸ்களுக்கு மேலும் 12 மாதம் அவகாசம் கொடுத்தது.

இதே சிக்கலின் வேறொரு வடிவத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். லேப்டாப்பில் ஓடிய புரோகிராம், சர்வரில் ‘வெர்ஷன் ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்’ என்று ஒற்றை வரியைக் காட்டிவிட்டு நின்றிருக்கும். அல்லது ‘லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1’ என்ற ஃபைல் இல்லை என்று சொல்லியிருக்கும். உடனே ‘நம்ம கோடுல என்ன தப்பு?’ என்று தேடத் தொடங்குவோம். ஆனால் அந்த வரி திரையில் வரும்போது உங்கள் கோடின் ‘மெயின்’ பகுதியில் ஒரு வரி கூட ஓடியிருக்காது.

அப்படியானால் அதைச் சொன்னது யார்? எதைப் பார்த்துச் சொன்னது? அதை எப்படிச் சரிசெய்வது, எப்படிச் சரிசெய்யவே கூடாது?

ஷேர்டு லைப்ரரி என்றால் என்ன?

ஃபைலைத் திறப்பது, நேரம் பார்ப்பது, நெட்வொர்க்கில் பேசுவது, டேட்டாவை என்கிரிப்ட் செய்வது போன்ற வேலைகள் எல்லாப் புரோகிராம்களுக்கும் பொதுவானவை. ஒவ்வொரு புரோகிராமும் அதற்கான கோடைத் தனக்குள் சுமக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பிரதி இருக்கும், எல்லாப் புரோகிராம்களும் அதைப் பகிர்ந்துகொள்ளும். லினக்ஸில் ‘.எஸ்ஓ’ என்று முடியும் ஃபைல்களும், விண்டோஸில் ‘டிஎல்எல்’ ஃபைல்களும், மேக்கில் ‘டைலிப்’ ஃபைல்களும் இவைதான்.

இடம் மிச்சமாவது மட்டுமே இதன் பலன் இல்லை. 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை வெளிப்பட்டபோது, அந்த ஒரு லைப்ரரியை மாற்றிவிட்டு அதைப் பயன்படுத்தும் சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்தாலே போதுமாக இருந்தது. அதைப் பகிர்ந்துகொண்ட வெப் சர்வர், மெயில் சர்வர் எதையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. நீங்கள் புரோகிராமைக் கம்பைல் செய்தபோது இருந்த லைப்ரரியும், அது ஓடும் இடத்தில் இருக்கும் லைப்ரரியும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பெயர் ஒன்றுதானே, வெர்ஷன் மாறினால் என்ன?

கோடு எழுதுபவர்களுக்கு ஏபிஐ தெரியும்: எந்தப் பெயரில் ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும், என்னென்ன கொடுக்க வேண்டும் என்ற ஒப்பந்தம். கம்பைல் ஆன பிறகு இன்னொரு ஒப்பந்தம் அமலுக்கு வருகிறது. அதன் சுருக்கப் பெயரையும் தமிழில் ஏபிஐ என்றுதான் எழுத வேண்டியிருக்கும். முதலாவதன் நடு எழுத்து ‘புரோகிராமிங்’, இரண்டாவதன் நடு எழுத்து ‘பைனரி’. குழப்பம் வராமலிருக்க, இரண்டாவதை இங்கே ‘பைனரி ஒப்பந்தம்’ என்றே அழைப்போம்.

உதாரணமாக, ஒரு லைப்ரரி தரும் தகவல் கட்டமைப்பில் மூன்று புலங்கள் இருக்கின்றன: எண், பெயர், தேதி. கம்பைல் ஆன புரோகிராமுக்கு ‘தேதி’ என்ற பெயர் தெரியாது. ‘தொடக்கத்திலிருந்து 16-ஆவது பைட்டில் இருப்பதை எடு’ என்பது மட்டும்தான் தெரியும். லைப்ரரியின் புதிய வெர்ஷனில் நடுவே இன்னொரு புலத்தைச் சேர்த்துவிட்டால், 16-ஆவது பைட்டில் இப்போது வேறு ஏதோ இருக்கும். புரோகிராம் அதைத் தேதி என்று நினைத்தே எடுத்துக்கொள்ளும்.

அப்போது கிராஷ் ஆனால் அதிர்ஷ்டம். கிராஷ் ஆகாமல் தவறான மதிப்பை டேட்டாபேஸில் எழுதிக்கொண்டே போனால், ஒரு மாதம் கழித்து யாரோ ரிப்போர்ட்டைப் பார்த்து, ‘கணக்கு இடிக்குதே’ என்று சொல்லும்போதுதான் தெரியும். தொடக்கத்திலேயே சோதித்து நிறுத்துவது இந்த இரண்டாவது வகை விபத்தைத் தடுக்கத்தான்.

நம் வீடுகளில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. மொபைல் சார்ஜரின் சின்னப் பிளக், ஏசிக்காக வைத்த 15 ஆம்ப் சாக்கெட்டிலும் பொருந்தும். அதற்கென்றே அந்தச் சாக்கெட்டில் கூடுதல் துளைகள் இருக்கும். ஆனால் கீசரின் தடித்த பிளக், 5 ஆம்ப் சாக்கெட்டில் நுழையாது. சுவிட்சைப் போடுவதற்கு முன்பே, பின்னின் அளவே சோதனையை முடித்துவிடுகிறது. லைப்ரரிகளிலும் பொது விதி இதுதான்: பழைய லைப்ரரியோடு கட்டிய புரோகிராம், அதே வரிசையின் புதிய லைப்ரரியில் ஓடும். புதியதோடு கட்டியது பழையதில் ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது.

புரோகிராமைத் தொடங்கும்போது என்ன நடக்கிறது?

லினக்ஸில் நீங்கள் ஒரு புரோகிராமின் பெயரை டைப் செய்து என்டர் தட்டியதும், கண் சிமிட்டும் நேரத்துக்குள் இத்தனை நடக்கிறது:

1. கெர்னல் அந்த ஃபைலைத் திறக்கிறது. ‘என்னை ஓடவைக்க இந்த லோடரைக் கூப்பிடு’ என்று ஒரு பாதை அதற்குள் எழுதியிருக்கும். கெர்னல் அந்த லோடரை மெமரிக்குக் கொண்டுவருகிறது.

2. லோடர், புரோகிராமுக்குள் இருக்கும் ‘தேவைப்படுபவை’ பட்டியலைப் படிக்கிறது. அதில் லைப்ரரிகளின் பெயர்கள் இருக்கும்.

3. ஒவ்வொன்றையும் தேடுகிறது. புரோகிராமிலேயே குறித்துவைத்த பாதை, ‘எல்டி_லைப்ரரி_பாத்’ என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் உள்ள பாதைகள், சிஸ்டத்தின் கேஷ் பட்டியல், வழக்கமான லைப்ரரி ஃபோல்டர்கள் ஆகியவை அது தேடும் இடங்கள். கிடைத்த லைப்ரரிக்கு வேறு லைப்ரரிகள் தேவை என்றால் அவற்றையும் தேடுகிறது.

4. எல்லாம் கிடைத்ததும், ‘இந்த லைப்ரரியில் இந்தெந்த வெர்ஷன் குறிகள் இருக்க வேண்டும்’ என்று புரோகிராம் கேட்பதையும், ‘என்னிடம் இவை இருக்கின்றன’ என்று லைப்ரரி சொல்வதையும் ஒப்பிடுகிறது. ஒன்று குறைந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுகிறது.

5. அதற்குப் பிறகுதான் முகவரிகளை இணைத்து, லைப்ரரிகளின் தொடக்க வேலைகளை முடித்து, உங்கள் ‘மெயின்’ ஃபங்ஷனுக்கு வழி விடுகிறது.

நான்காவது படியைக் கவனியுங்கள். ஃபங்ஷன்களின் முகவரிகளைத் தேடும் வேலையை, அவை முதல் முறை கூப்பிடப்படும் வரை லோடர் தள்ளிப்போடலாம். வெர்ஷன் குறிகளின் சோதனையை அப்படித் தள்ளிப்போடுவதில்லை. மாதக் கடைசியில் மட்டும் கூப்பிடப்படும் ஒரு ஃபங்ஷன் இல்லாமல், 30-ஆம் தேதி ராத்திரி பில்லிங் நடுவில் புரோகிராம் விழுவதைவிட, ஒன்றாம் தேதி காலையிலேயே ‘என்னால் முடியாது’ என்று நிற்பது நல்லது அல்லவா?

லோடர் பார்க்கும் இரண்டு அடையாளங்கள்

முதலாவது, ‘எஸ்ஓநேம்’ என்ற பெயர். ஓபன்எஸ்எஸ்எல் 1.1 வரிசைக்கு லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 என்று பெயர். 2021 செப்டம்பரில் வந்த 3.0-க்கு லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3. கடைசியில் உள்ள எண் மாறினால், ‘பைனரி ஒப்பந்தத்தை முறித்துவிட்டோம், இது வேறு லைப்ரரி’ என்று தயாரித்தவர்களே அறிவிப்பதாகப் பொருள். உபுண்டு 22.04-க்கு மாறியபோது பழைய புரோகிராம்கள் பல நின்றதற்கு இதுதான் காரணம். அதில் 3 மட்டுமே இருக்கிறது, 1.1 இல்லை.

இரண்டாவது, ஒவ்வொரு ஃபங்ஷனிலும் ஒட்டியிருக்கும் வெர்ஷன் குறி. லைப்ரரியின் பெயரை மாற்றாமலே, உள்ளே பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்க இது உதவுகிறது. ஜிலிப்சி இதைத்தான் செய்கிறது.

இதன் அருமையைப் புரிந்துகொள்ள ஒரு பழைய சம்பவம் போதும். மெமரியில் ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்துக்குப் பிரதியெடுக்கும் ஃபங்ஷன் ‘மெம்காப்பி’. இரண்டு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது என்பது அதன் நிபந்தனை. 2010-இல் ஜிலிப்சி அதை வேகமாக்கியது. புதிய முறையில் பிரதியெடுக்கும் திசை மாறியது. ஃபெடோரா 14-இல் அடோப் ஃபிளாஷ் பிளேயரின் ஒலி கரகரவென்று கெட்டுப்போனது. ஃபிளாஷ் நிபந்தனையை மீறிக்கொண்டிருந்தது, பழைய முறையில் அது வெளியே தெரியாமல் இருந்தது என்பது பிறகு புரிந்தது. ‘விதியை மீறியது ஃபிளாஷ்தான்’ என்று ஒரு தரப்பும், ‘பயனருக்கு வேலை செய்துகொண்டிருந்ததை உடைக்கக் கூடாது’ என்று லினஸ் டோர்வால்ட்ஸும் வாதிட்டார்கள்.

2011-இல் வந்த ஜிலிப்சி 2.14 ஒரு தீர்வைத் தந்தது. புதிதாகக் கம்பைல் ஆகும் புரோகிராம்களுக்கு 2.14 குறியுள்ள மெம்காப்பி, பழைய புரோகிராம்களுக்கு 2.2.5 குறியுள்ள, படிந்தாலும் கெடாத மெம்காப்பி. ஒரே ஃபைலில் இரண்டும் இருக்கின்றன. பத்து வருடம் முன்பு கட்டிய புரோகிராம் இன்றைய லினக்ஸில் ஓடுவதற்கு இந்த ஏற்பாடு முக்கியக் காரணம்.

‘ஹலோ வேர்ல்டு’ கூட 2.34 கேட்பது ஏன்?

‘நான் புதுசா எதையும் கூப்பிடவே இல்லையே’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.34-இல், த்ரெட்களுக்காகத் தனியாக இருந்த லைப்ரரி உட்படச் சிலவற்றை முதன்மை லைப்ரரிக்குள்ளேயே இணைத்தார்கள். அதோடு, ‘மெயின்’ ஃபங்ஷனைத் தொடங்கிவைக்கும் உள் ஃபங்ஷனுக்கும் 2.34 என்ற புதிய குறி கொடுக்கப்பட்டது. ஆகவே 2.34 அல்லது அதற்குப் பிந்தைய ஜிலிப்சி உள்ள கணினியில் வழக்கமான முறையில் கட்டிய எந்த சி புரோகிராமும், ஒரே ஒரு வரி மட்டும் அச்சிடுவதாக இருந்தாலும், 2.34 இல்லாத இடத்தில் தொடங்காது.

உங்களுக்கு அடிக்கடி தேவைப்படும் எண்கள் இவை:

• சென்டோஸ் 7: 2.17
• அமேசான் லினக்ஸ் 2: 2.26
• உபுண்டு 18.04: 2.27
• ரெட் ஹேட் 8: 2.28
• உபுண்டு 20.04, டெபியன் 11: 2.31
• ரெட் ஹேட் 9: 2.34
• உபுண்டு 22.04: 2.35
• டெபியன் 12: 2.36
• உபுண்டு 24.04: 2.39

இந்தப் பட்டியலில் கீழே கட்டியதை மேலே ஓட்ட முயல்வதுதான் பெரும்பாலான ‘நாட் ஃபவுண்ட்’ பிழைகளுக்குக் காரணம். பில்டு ஸ்கிரிப்டில் ‘உபுண்டு லேட்டஸ்ட்’ என்று எழுதிவைத்திருந்தால், நேற்று 22.04-ஆக இருந்தது நாளை 24.04 ஆகும். உங்கள் கோடில் ஒரு எழுத்து கூட மாறாமல் சர்வரில் பிழை வரும். டாக்கரில் கட்டும் நிலைக்கு டெபியன் 12, ஓடும் நிலைக்கு டெபியன் 11 என்று வைத்திருந்தாலும் இதே கதைதான்.

இந்தச் சோதனையை நம்பியே ஜிலிப்சி குழு பெரிய மாற்றங்களைச் செய்கிறது. 2022-இல் வந்த 2.36, ஃபைலின் அளவைக் குறைக்கும் ஒரு புதிய உள் வடிவத்தை ஏற்றது. பழைய லோடருக்கு அது புரியாது, தொடங்கினால் கண்ட இடத்தில் விழும். அதனால் அந்த வடிவத்தைப் பயன்படுத்தும் புரோகிராம்களில் ஒரு பொய்யான வெர்ஷன் குறியையும் சேர்க்க ஏற்பாடு செய்தார்கள். அந்தக் குறியில் எந்த ஃபங்ஷனும் இல்லை. பழைய லோடர் ‘இந்த வெர்ஷன் என்னிடம் இல்லை’ என்று ஒழுங்காகச் சொல்லி நிற்க வேண்டும், அதற்காகவே அது.

லோடர் விட்டதை லைப்ரரி பிடிக்கும்

லோடர் குறிகளை மட்டுமே ஒப்பிடுகிறது. கட்டமைப்பின் அளவு மாறியிருக்கிறதா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால் பல லைப்ரரிகள் தாங்களே ஒரு சோதனையை வைத்திருக்கின்றன.

ஜிப் வகை சுருக்கத்துக்கான இசட்லிப், வேலையைத் தொடங்கும்போதே இரண்டு விஷயங்களைக் கேட்கும்: நீங்கள் கம்பைல் செய்தபோது இருந்த வெர்ஷன், அப்போது நீங்கள் பார்த்த கட்டமைப்பின் அளவு. வெர்ஷனின் முதல் எழுத்தோ, அளவோ பொருந்தாவிட்டால் பிழை. ரொம்பத் தளர்வான சோதனைதான். ஆனால் ஒப்பந்தத்தை முறிக்காமல் பல வருடங்களாக அந்த லைப்ரரி வளர்ந்திருப்பதால் அதுவே போதுகிறது.

மறுமுனையில் எச்டிஎஃப்5. அறிவியல் டேட்டாவுக்கும், கேராஸ் மாடல்களைச் சேமிக்கவும் பயன்படும் வடிவம் இது. இதன் பழைய வெளியீடுகளில், கம்பைல் செய்தபோது இருந்த வெர்ஷனின் மூன்று எண்களும் அப்படியே பொருந்தாவிட்டால் புரோகிராமையே நிறுத்திவிடும். ‘தொடர்ந்தால் டேட்டா சிதையலாம்’ என்று காரணத்தையும் எழுதிக் காட்டும்.

பைத்தானில் வேலை செய்பவர்கள் நம்பை வழியாக இதைச் சந்தித்திருப்பார்கள். 2024 ஜூனில் வந்த நம்பை 2.0 பைனரி ஒப்பந்தத்தை மாற்றியது. 1.x-ஓடு கட்டிய மாட்யூலை அதில் இம்போர்ட் செய்தால், கிராஷ் ஆகக்கூடும் என்ற நீண்ட எச்சரிக்கை வரும். இங்கே ஒரு சுவையான மாறுபாடு: நம்பை 2.0-ஓடு கட்டிய மாட்யூல்கள் 1.x-இலும் ஓடும்படி அதன் குழு ஏற்பாடு செய்திருந்தது. ஆக, எந்தத் திசையில் பொருந்தும் என்பது ஒவ்வொரு லைப்ரரியும் தரும் வாக்குறுதியைப் பொறுத்தது. ஜிலிப்சியின் விதியை எல்லாவற்றுக்கும் பொருத்திப் பார்க்க முடியாது.

சோதனை மிகவும் கறாராக இருந்தாலும் தொல்லைதான். ஓபன்எஸ்எஸ்எச், தொடங்கும்போது ஓபன்எஸ்எஸ்எல் வெர்ஷனை ஒப்பிடும். அதன் பழைய வெளியீடுகள், ஓபன்எஸ்எஸ்எல் 3.0-ஓடு கட்டப்பட்டு 3.2 இருக்கும் இடத்தில் ஓடினால் ‘வெர்ஷன் மிஸ்மேட்ச்’ என்று நின்றுவிடும். 3 வரிசைக்குள் ஒப்பந்தம் மாறாது என்று ஓபன்எஸ்எஸ்எல் வாக்குக் கொடுத்திருந்தும் இந்த நிலை. பிறகு சோதனையைத் தளர்த்தினார்கள். ஆனாலும் பழைய ஓபன்எஸ்எஸ்எச் உள்ள சர்வரில் ஓபன்எஸ்எஸ்எல்லை மட்டும் தனியாக அப்டேட் செய்தால், அடுத்த ரீஸ்டார்ட்டில் எஸ்எஸ்எச் சர்வீஸ் எழாது. சர்வருக்குள் நுழையும் கதவே அதுதான். அதனால் இரண்டையும் சேர்த்தே அப்டேட் செய்யுங்கள். முடியும் வரை, ஏற்கெனவே திறந்திருக்கும் ஒரு செஷனை மூடாதீர்கள்.

பிழைச் செய்தியை எப்படிப் படிப்பது?

• ‘கேனாட் ஓபன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்’: தேடிய பெயரில் லைப்ரரி எங்கும் கிடைக்கவில்லை. பேக்கேஜ் நிறுவப்படவில்லை, அல்லது லோடர் தேடாத இடத்தில் இருக்கிறது, அல்லது எஸ்ஓநேம் மாறிவிட்டது.

• ‘வெர்ஷன் … நாட் ஃபவுண்ட், ரிக்வயர்டு பை …’: லைப்ரரி கிடைத்தது, ஆனால் பழசு. ‘ரிக்வயர்டு பை’ என்பதற்குப் பின்னால் வரும் பெயரைப் பாருங்கள். கேட்டது உங்கள் புரோகிராமா, இடையில் உள்ள வேறொரு லைப்ரரியா என்று அது சொல்லும்.

• ‘சிம்பல் லுக்கப் எரர்’: பெயர் பொருந்தியது, உள்ளே தேவையான ஃபங்ஷன் இல்லை. ஒரே லைப்ரரியின் இரண்டு பிரதிகள் கணினியில் கலந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள். இது பாதி ஓட்டத்திலும் வரலாம்.

• ஃபைல் கண் முன்னால் இருக்கிறது, ஆனாலும் ‘நோ சச் ஃபைல்’: காணாமல் போனது புரோகிராம் அல்ல, அது கேட்கும் லோடர். ஜிலிப்சியோடு கட்டியதை அல்பைன் கன்டெய்னரில் ஓட்டினால் இது வரும். அல்பைனில் இருப்பது ‘மசல்’ என்ற வேறு சி லைப்ரரி.

• இரண்டு வெர்ஷன் எண்களோடு வரும் ‘மிஸ்மேட்ச்’: பேசுவது லோடர் அல்ல, அந்த லைப்ரரியோ அதைப் பயன்படுத்தும் புரோகிராமோதான்.

எந்த லைப்ரரி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க எல்டிடி கமாண்ட் உதவும். ஆனால் நம்பிக்கையில்லாத ஃபைலில் அதை ஓட்டாதீர்கள். சில சூழல்களில் அது அந்தப் புரோகிராமையே இயக்கிவிடும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. ஃபைலை ஓட்டாமல் அதன் வெர்ஷன் குறிகளைப் பட்டியலிட ரீட்எல்ஃப் இருக்கிறது. தேடல் எப்படி நடக்கிறது என்று படிப்படியாகப் பார்க்க ‘எல்டி_டீபக்’ என்ற வேரியபிளில் ‘லிப்ஸ்’ அல்லது ‘வெர்ஷன்ஸ்’ என்று வைத்து ஓட்டிப் பாருங்கள்.

எதைச் செய்யக் கூடாது?

நள்ளிரவில் சர்வர் நிற்கும்போது இணையத்தில் கிடைக்கும் முதல் பதில், பெரும்பாலும் சோதனையை ஏமாற்றும் வழியாகவே இருக்கும்.

பிரபலமானது, லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3-க்கு ‘1.1’ என்று பொய்ப் பெயரில் ஒரு லிங்க் போடுவது. ஓபன்எஸ்எஸ்எல்லில் குறிகளும் இருப்பதால், லோடர் இரண்டாவது சோதனையில் பிடித்துவிடும். குறிகள் இல்லாத லைப்ரரி என்றால் பிடிக்காது. அது கீசர் பிளக்கை கன்வெர்ட்டர் வைத்து 5 ஆம்ப் சாக்கெட்டில் சொருகுவதுதான். முதல் நாள் வெந்நீர் வரும். வயர் சூடாவது சுவருக்குள் என்பதால் தெரியாது.

வேறு கணினியிலிருந்து ஜிலிப்சி ஃபைலை மட்டும் எடுத்துவந்து சிஸ்டம் ஃபோல்டரில் மாற்றி வைப்பது இன்னும் மோசம். லோடரும் அதுவும் ஒரே ஜோடியாகக் கட்டப்பட்டவை. பிரித்தால், ஃபைல்களைப் பட்டியலிடும் சாதாரணக் கமாண்ட் கூட ஓடாமல், சர்வரை மீட்கவே வழியில்லாமல் போகலாம்.

எச்டிஎஃப்5 சோதனையை முடக்க ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் உண்டு. 1 என்று வைத்தால் எச்சரிக்கை மட்டும் வரும், 2 என்று வைத்தால் அதுவும் வராது. அவசரத்துக்கு ஒரு முறை வைத்தது அப்படியே ஸ்கிரிப்டில் தங்கிவிட்டால், ஃபைல் சிதைந்தது தெரியும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

அப்போ என்ன செய்வது?

பழையதில் கட்டுங்கள். நீங்கள் ஆதரிக்க வேண்டிய மிகப் பழைய லினக்ஸ் எதுவோ, அதன் கன்டெய்னரில் பில்டு செய்யுங்கள். பைத்தான் உலகம் இதைத்தான் செய்கிறது. வீல் ஃபைல்களின் பெயரில் ‘மெனிலினக்ஸ்_2_28’ என்று பார்த்திருப்பீர்கள். அந்த 2.28, ஜிலிப்சி வெர்ஷன்தான். நிறுவுவதற்கு முன்பே பிப் அதைப் பார்த்துப் பொருத்தமானதைத் தேர்வு செய்கிறது. தொடங்கும்போது நடக்க வேண்டிய சோதனையை நிறுவும் கட்டத்துக்கே முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள்.

வெர்ஷனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். ‘லேட்டஸ்ட்’ வேண்டாம். பில்டு முடிந்ததும், ஃபைல் கேட்கும் அதிகபட்ச ஜிலிப்சி குறி என்ன என்று பார்த்து, எல்லையைத் தாண்டினால் பில்டையே தோல்வியாக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

எல்லாவற்றையும் உள்ளே அடைப்பதன் விலையை அறிந்து செய்யுங்கள். லைப்ரரிகளைப் புரோகிராமுக்குள்ளேயே இணைத்துவிட்டாலோ, கன்டெய்னரில் கூடவே எடுத்துச்சென்றாலோ இந்தச் சிக்கல் பெருமளவு போய்விடும். ஆனால் அடுத்த ஹார்ட்பிளீட் வந்தால், சர்வரில் ஒரு லைப்ரரியை மாற்றினால் போதாது. அடைத்துவைத்த ஒவ்வொரு புரோகிராமையும், ஒவ்வொரு இமேஜையும் நீங்கள்தான் மறுபடி கட்ட வேண்டும்.

உங்கள் புரோகிராமிலும் ஒரு சோதனை வையுங்கள். எஸ்கியூலைட், கம்பைல் செய்தபோது இருந்த எண், இப்போது லோடான லைப்ரரியின் எண் இரண்டையும் தருகிறது. ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அதன் ஆவணமே பரிந்துரைக்கிறது. இதை டேட்டாபேஸைத் திறப்பதற்கு முன், போர்ட்டில் கேட்கத் தொடங்குவதற்கு முன் செய்யுங்கள். எவ்வளவு கறார் என்பதை அந்த லைப்ரரியின் வாக்குறுதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். செய்தியில் மூன்று தகவல்கள் கட்டாயம் இருக்கட்டும்: எதிர்பார்த்தது எது, கிடைத்தது எது, அது எந்த ஃபோல்டரிலிருந்து வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு லாக் பார்ப்பவருக்கு மூன்றாவது தகவல்தான் பெரும்பாலும் விடை.

தொடக்கத்தில் நிற்பது ஏன் நல்லது?

குபர்நெட்டீஸ் போன்ற தளங்களில் புதிய வெர்ஷனைப் படிப்படியாக ஏற்றும்போது, புதியது எழுந்து ‘தயார்’ என்று சொன்ன பிறகே பழையதை இறக்குவது வழக்கம். தொடங்கும்போதே புரோகிராம் நின்றுவிட்டால், பழையது அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளருக்கு எதுவும் தெரியாது. டெவலப்பரின் திரையில் மட்டும் சிவப்பு எழுத்து வரும். அதே புரோகிராம் சோதனையைத் தாண்டிப்போய், ‘தயார்’ என்று சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தவறான எண்களை எழுதத் தொடங்கினால், திரும்பிப்போவது அவ்வளவு எளிதாக இருக்காது. பழையது எல்லாம் ஏற்கெனவே இறக்கப்பட்டிருக்கும்.

அதனால் அடுத்த முறை அந்த ஒற்றை வரி வரும்போது, அதை வாயடைக்க வழி தேடும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பேசுவது லோடரா, லைப்ரரியா? அது கேட்ட வெர்ஷன் எது, கிடைத்த வெர்ஷன் எது? கட்டிய இடம் ஓடும் இடத்தைவிடப் புதியதா? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால், மாற்ற வேண்டியது சர்வரையா, உங்கள் பில்டு ஸ்கிரிப்டையா என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.